பாதி அறுத்த பாளம்

அத்தியாயம் 7

லாக்-அப் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எடைக்காரர் நாங்கள் வாங்கிப் போன டீயைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தார். குடிக்கவில்லை. ஆறிப்போகிற டீயைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

"அண்ணே, குடிச்சிட்டு அழுங்க. டீ என்ன பாவம் பண்ணுச்சு?" என்றேன்.

மேடம் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடு என்று அர்த்தம். நான் மூடமாட்டேன் என்பது அவருக்கும் தெரியும். என்னை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அம்மா அப்பா வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது. மேடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் சர்வேயராக இருந்தவர். எரிந்த கிடங்கு, கவிழ்ந்த லாரி, காணாமல் போன சரக்கு என்று போய்ப் பார்த்து, எது நிஜம், எது நாடகம் என்று சொல்லுவார். இப்போது அதே வேலையைத் தனியாகச் செய்கிறார். நான் அவருக்கு டிரைவர், உதவியாளன், கோபம் வந்தால் திட்டுவதற்கு ஓர் ஆள்.

விஷயம் இதுதான். துறைமுகத்துச் சுங்கக் கிடங்கில் ஓர் அப்ரைசர் இருந்தார். வெளிநாட்டிலிருந்து இறங்குகிற சரக்கு என்ன, அது எந்த வகை, அதற்கு எந்தச் சட்டம் என்று பார்த்து முடிவு செய்கிற அதிகாரி. முந்தாநாள் மத்தியானம், ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக அடுக்கியிருந்த, பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயப் பாளங்கள் சரிந்து விழுந்ததில் அவர் நசுங்கிச் செத்துப்போனார். அடுக்கு தானாகச் சரியவில்லை, பின்னாலிருந்து கடப்பாரையால் நெம்பியிருக்கிறார்கள் என்று போலீஸ் கண்டுபிடித்தது. அது வரைக்கும் சரி. அதற்கப்புறம்தான் அவர்களுடைய மூளை வழக்கம் போல வேலை செய்தது. அடுக்கைக் கட்டியிருந்த இரும்புப் பட்டையைச் சோதனைக்காக வெட்டியது, அங்கே சரக்கை நிறுக்கிற எடைக்காரர். காலையில் அப்ரைசரும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்தியதை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். பிடி, உள்ளே போடு.

இன்று சாயங்காலம் அவரை மாஜிஸ்டிரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள். கொலைக் கேஸ் என்று ஒரு தடவை உள்ளே போய்விட்டால், அவர் வெளியே வருவதற்குள் அவருடைய சின்ன மகளுக்கே பேரப்பிள்ளை பிறந்துவிடும்.

எங்களைக் கூப்பிட்டவர் கைக்குழந்தையோடு தனியாகிவிட்ட அப்ரைசரின் மனைவி. அதுதான் எனக்கே ஆச்சரியம். "என் வீட்டுக்காரர் மேல கிடந்த பாளத்தையெல்லாம் தனியாளா எடுத்துப் போட்டவர் அந்த எடைக்காரர் அண்ணன். விரல் நகம் பேர்ந்து ரத்தம் வழிய வழிய எங்க வீட்டு வாசல்ல உட்கார்ந்து அழுதார். கொன்னவன் அப்படி அழமாட்டான்மா" என்று அவர் மேடத்திடம் சொன்னார். அதுதான் எங்கள் கையில் இருந்த ஒரே ஆதாரம். கோர்ட்டில் அதை வைத்து ஒரு டீ கூட வாங்க முடியாது.

"காலைல எதுக்குச் சண்டை?" என்று மேடம் கேட்டார்.

"சண்டையே இல்லம்மா. ஷெட்டுல ஃபோர்க்லிஃப்ட் ஓடுறப்ப யாரு மெதுவா பேச முடியும்? 'எடை சரியா இருக்கு, அடுக்கு மட்டும் ஏன்யா குட்டையா இருக்கு'ன்னு கத்தினாரு. 'எனக்கென்ன சார் தெரியும், தராசு சொல்றதைத்தான் நான் சொல்றேன்'னு நானும் கத்தினேன். அவ்வளவுதான்."

"குட்டையான்னா?"

"முன்னெல்லாம் இதே எடைக்கு ஈயம் வந்தா அடுக்கு என் கழுத்து வரைக்கும் நிக்குமாம். இது நெஞ்சோட நின்னுடுச்சாம். அவருக்கு அது உறுத்திடுச்சு. 'மத்தியானம் ஒரு பாளத்தை அறுத்துப் பார்த்துடறேன்'னார். பார்க்கத்தான் குடுத்து வைக்கல."

"அடுக்கு விழுந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"வெளிய தராசுகிட்ட. சத்தம் கேட்டு ஓடினேன். எனக்கு முன்னாடியே சாரோட மச்சான், அவர் சம்சாரத்தோட தம்பி, அங்க நின்னு 'ஐயோ அத்தான், ஐயோ அத்தான்'னு கத்திட்டு இருந்தாரு. அவரும் ஷெட்டுல தினம் இருக்கிறவர்தானே, கிளியரிங் ஏஜென்ட், சுங்கத்துலேர்ந்து சரக்கை விடுவிச்சுக் குடுக்கிறவரு. நான் பாளத்தை எடுக்க எடுக்க, அவரு அத்தான் கையைப் பிடிச்சவரு விடவே இல்ல. பாவம். பிரிச்சு எடுக்கறதுக்கு ரெண்டு ஆள் வேண்டியிருந்துச்சு."

"இந்தச் சரக்கு அந்த மச்சானோடதா?"

"சேச்சே. இது யாரோ புது ஏஜென்டோடது. சொந்த அத்தான்கிட்ட எந்த ஏஜென்டும் சரக்கு கொண்டுவரக் கூடாதே."

மேடம் எழுந்தார். எடைக்காரர் அப்போதுதான் டீயை ஒரு வாய் குடித்தார். பாதி சட்டையில் கொட்டியது. "அம்மா, என் பொண்ணு ஸ்கூலுக்குப் போகமாட்டேங்குதாம். கொலைகாரன் மகள்னு யாரோ சொல்லிட்டாங்களாம்" என்றார். நான் என் கைத்துண்டைக் கம்பிக்குள் நீட்டினேன்.

கிடங்குக்குப் போனபோது கூரைத் தகடு கொதித்துக்கொண்டிருந்தது. கிரீஸ் நாற்றம், மரத்தூள், எங்கே பார்த்தாலும் பெட்டி. சரிந்து கிடந்த பாளங்களைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். மேடத்தைக் கண்டால் அவருக்குப் பல்வலி வந்தது போல இருக்கும். இருந்தாலும் பழைய இரண்டு கேஸில் மேடம் அவருடைய மானத்தைக் காப்பாற்றியிருப்பதால், எழுந்து நின்றார்.

கூடவே கிடங்கின் சூப்பரின்டென்டென்ட். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் மூன்று பேனா. அங்கே வேலை செய்கிறவர்கள் அவரை 'நம்பர் சார்' என்கிறார்கள். எந்தப் பொருளைக் காட்டினாலும் அது சுங்கப் பட்டியலில் எத்தனையாவது நம்பர் என்று தூக்கத்தில்கூடச் சொல்வாராம். நான் என் செருப்பைக் காட்டிக் கேட்டேன். சொல்லிவிட்டார்.

"ஈயத்துக்கு என்ன நம்பர் சார்?" என்றார் மேடம்.

"அப்படிக் கேட்டா எப்படிம்மா? எந்த ஈயம்?" அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். "அச்சுல ஊத்தி எடுத்த கட்டி, அதுக்கு மேல யாரும் கை வைக்கலைன்னா அது கச்சா ஈயம். அதுல எதுவும் கலக்காம சுத்த வெள்ளீயமா இருந்தா ஒரு நம்பர். காரீயம், அது இதுன்னு கலந்திருந்தா அடுத்த நம்பர். உடைசல், சீவல்னா கழிவு, அதுக்கு வேற. தட்டி, இழுத்து, அரம் போட்டு ஏதாவது பண்ணியிருந்தா அது கச்சாவே இல்ல. செஞ்ச பொருள். என்ன பொருள்னு பார்த்து அதுக்குத் தக்க இடத்துல உட்கார வைக்கணும்."

"இந்தச் சரக்கு?"

"கலப்பில்லாத கச்சா வெள்ளீயம். பால் பவுடர் டப்பா செய்யற ஃபாக்டரிக்குப் போகுது, உள்பக்கம் பூசறதுக்கு. அதனால வரி கிடையாது."

"காரீயம் கலந்திருந்தா?"

"காரீயம் விஷம்மா! அதுவும் கைக்குழந்தை குடிக்கிற பால்ல! கேட்டைத் தாண்ட விடமாட்டோம்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா இதுல அந்தச் சந்தேகமே வேணாம். அவர் செத்தப்ப சாம்பிள் அவர் கையிலேயே இருந்துச்சு. இன்ஸ்பெக்டர்கிட்ட இருக்கு பாருங்க. நம்ம கெமிஸ்ட் ஓரத்துல சீவி எடுத்துச் சோதனை பண்ணிட்டார். சுத்த வெள்ளீயம். சாயங்காலம் சரக்கை விடறதுக்குக் கையெழுத்துப் போடப் போறேன். எவ்வளவு நேர்மையான மனுஷன்! அவர் கடைசியா எடுத்த சாம்பிளை நாம மதிக்கணும் இல்லையா?"

மேடம் நாடாவுக்குக் கீழே குனிந்து உள்ளே போனார். தரையில் ஒரு பாளம் தனியாகக் கிடந்தது. அதன் மூலையில் ஹேக்ஸா ரம்பம் சொருகியபடியே நின்றது. அப்ரைசர் அந்த இடத்தில்தான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அறுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ரேடியோ, இங்க வா. ரம்பம் எவ்வளவு தூரம் உள்ள போயிருக்கு?"

குனிந்து பார்த்தேன். "பாதி தூரம் மேடம்."

"பாதி அறுத்தா துண்டு கையில வருமா?"

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. இரண்டு நாளாக இந்த இடத்தில் எத்தனை பேர் நடந்திருப்பார்கள்! ரம்பத்தையும் பார்த்தார்கள், கையிலிருந்த துண்டையும் பார்த்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"வேற பாளத்துல அறுத்திருப்பார்" என்றார் இன்ஸ்பெக்டர், கொஞ்சம் வேகமாகவே.

"பார்த்துடலாமே" என்றார் மேடம். அவர் பார்த்துடலாம் என்றால் தூக்குவது நான் என்று அர்த்தம். நானும் இரண்டு கான்ஸ்டபிள்களும் அத்தனை பாளங்களையும் புரட்டினோம். என் இடுப்பு என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டது. ஒன்றில்கூட வேறு அறுப்பு இல்லை.

"இப்ப இதை மீதி அறு."

அறுத்தேன். ஈயம் மெத்தென்று வழிவிட்டது. சுண்டுவிரல் தடிமனில் ஒரு துண்டு கீழே விழுந்தது. ஓரம் கூராக இருந்ததால் எடுக்கும்போதே என் கட்டைவிரலைக் கீறிவிட்டது. மேடம் அதை வாங்கி நம்பர் சாரின் காதருகே வைத்து மெதுவாக வளைத்தார்.

"என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கல."

பிறகு இன்ஸ்பெக்டரிடம் கை நீட்டினார். இன்ஸ்பெக்டர் தயங்கி, காகித உறையிலிருந்து செத்தவர் கையில் இருந்த துண்டை எடுத்துக் கொடுத்தார். "ஆதாரம் மேடம், உடைச்சிடாதீங்க" என்றார். மேடம் அதையும் காதருகே வைத்து லேசாக வளைத்தார். நானே கேட்டேன். நறநறவென்று, தூக்கத்தில் யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

நம்பர் சாருக்கு வியர்த்துவிட்டது. "அவர் எப்பவும் இப்படித்தான் பார்ப்பார்... கெமிஸ்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி காதுல வெச்சு வளைப்பார். சுத்த ஈயம் அழும், கலப்படம் அழாதுன்னு சொல்லுவார்."

"அப்ப இந்த அடுக்கு பூரா?"

"கலப்படம்." அவர் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுப் பக்கத்திலிருந்த பெட்டி மேல் உட்கார்ந்தார். "காரீயம் கனமாச்சே, அதனாலதான் அதே எடைக்கு அடுக்கு குட்டையா இருந்திருக்கு. ஐயோ! அவர் லீவுல இருந்தப்ப இதே ஏஜென்டோட ரெண்டு சரக்கு வந்துச்சு. கூட வந்த சர்டிபிகேட்டைப் பார்த்துட்டு நானே விட்டுட்டேன்மா. அதெல்லாம் இந்நேரம் டப்பாவாகி..."

இன்ஸ்பெக்டர் மட்டும் விடுவதாக இல்லை. "சரி, இருக்கட்டும். எடைக்காரனுக்கும் இதுல பங்கு இருக்கும். காசு வாங்கிட்டு அவரைத் தீர்த்துட்டு, சுத்தமான துண்டு ஒண்ணைக் கையில வெச்சிருக்கான். நேர்மையான ஆளோட கையில இருந்தா யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு."

"யார் வெச்சாலும் அதுக்குத்தான் வெச்சிருக்காங்க. அது சரி" என்றார் மேடம். "ஆனா அவங்களுக்கு அந்தத் துண்டு எங்க கிடைச்சுது? நம்பர் சார், எனக்கு ஒரு உதவி. இந்தத் துண்டு மட்டும் தனியா கப்பல்ல வந்து இறங்கியிருக்குன்னு வெச்சுக்குங்க. நீங்க என்ன நம்பர் போடுவீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நம்பர் சாருக்கு வரவில்லை. அழுகிற குழந்தையின் கையில் மிட்டாயைக் கொடுத்த மாதிரி அவர் நிதானத்துக்கு வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கச்சா ஈயம் இல்ல" என்றார் முதலில். "இந்த ஓரத்தைப் பாருங்க. கெமிஸ்ட் சீவின இடம் தவிர, சுத்தி அரம் போட்டு மழுக்கியிருக்கு. இப்ப இவர் அறுத்தது கையைக் கிழிச்சிடுச்சு. இது கிழிக்காது. சாம்பிளுக்கு யாராவது உட்கார்ந்து அரம் போடுவாங்களா? கழிவும் இல்ல. கழிவை இப்படி யாரும் மினுக்க மாட்டாங்க. செஞ்ச பொருள்தான்."

"என்ன பொருள்?"

"ஓட்டை இல்ல, கொக்கி இல்ல. எதுலயும் மாட்டறதுக்கில்ல. ஒரு பக்கம் ரெண்டு பள்ளம் இருக்கு. அதுக்கு எதிர்ப்பக்கம் ஒண்ணு."

"குறடு தடம். பிடிச்சு இழுத்திருப்பாங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"குறடுன்னா ரெண்டு பக்கமும் வரி வரியா, ஒரே மாதிரி விழும் சார்."

"மேல ரெண்டு, கீழ ஒண்ணு. மொத்தம் மூணே மூணு பல்லு இருக்கிற எவனோ கடிச்சிருக்கான்" என்றேன் நான். "ஊர்ல இருக்கிற கிழவனையெல்லாம் வரிசையா நிக்க வெச்சு வாயைத் திறக்கச் சொல்லுங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. நம்பர் சார் கையிலிருந்தது சுட்டுவிட்ட மாதிரி அதைப் பெட்டி மேல் வைத்தார்.

"பொம்மை" என்றார். "பல் முளைக்கிற குழந்தை கடிக்கறதுக்குக் குடுக்கிறது. எங்க வீட்டுலயும் இப்படி ஒண்ணு இருந்துச்சு, ரப்பர்ல. இதை நான் பொம்மைன்னுதான் போடுவேன்."

மேடம் கைப்பையிலிருந்து போனை எடுத்து அப்ரைசரின் மனைவியைக் கூப்பிட்டார். "நான்தாம்மா பேசறேன். ஒரு சின்னக் கேள்வி. பாப்பாவுக்கு எத்தனை பல் வந்திருக்கு?" கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "சரிம்மா. வீட்டுலயே இருங்க, வர்றோம்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மேல ரெண்டு, கீழ ஒண்ணு."

வண்டியில் போகும்போது இன்ஸ்பெக்டர் பின்சீட்டில் உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அப்ரைசரே அதைப் பையில போட்டுக் கொண்டுபோயிருக்கலாமே?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். "இருக்கலாம். அதைக் கேக்கத்தான் போறோம்" என்றார் மேடம்.

மாடியில் இரண்டு அறை வீடு. கொடியில் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஹாலில் அப்ரைசரின் போட்டோ. சட்டம் போட்டு வாங்கக்கூட அவகாசம் இல்லாமல், சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதற்கு எதிரே தரையில் மச்சான்காரர் சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியில் பாப்பாவைப் போட்டுப் பால் புகட்டிக்கொண்டிருந்தார். மூன்று நாள் தாடி, அழுது வீங்கின கண். எங்களைப் பார்த்ததும் குழந்தையோடு எழுந்தார்.

"உட்காருங்க, உட்காருங்க. குடிக்கிற பிள்ளையைக் கலைக்காதீங்க" என்றேன். பாப்பா பால் புட்டியை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. மேலே இரண்டு, கீழே ஒன்று.

அப்ரைசரின் மனைவி தண்ணீர் கொண்டுவந்தார். சமையலறை அலமாரியில் பால் பவுடர் டப்பா ஒன்று தெரிந்தது. ஏதாவது பேசவேண்டுமே என்று நான் கேட்டேன்: "இந்த டப்பா இங்க எங்கயும் கிடைக்காதேக்கா? ஊருக்கு அந்தக் கோடியில இல்ல விக்கிறான்?"

"தம்பிதான் அலைஞ்சு வாங்கிட்டு வருவான். மூலைக் கடையில விக்கிறதை பாப்பாவுக்குக் குடுக்கவே கூடாதுன்னு ரெண்டு மாசமா ஒரே பிடிவாதம். அவரே கிண்டல் பண்ணுவார், பெத்தவன் நானா இல்ல உன் தம்பியான்னு." அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். மேடம் அலமாரியைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். பிறகு இன்ஸ்பெக்டரிடமிருந்து துண்டை வாங்கி உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"இது என்னன்னு தெரியுதாம்மா?"

"அட, பாப்பாவோடது!" அந்த ஒரு நொடி அவர் முகம் மலர்ந்தே விட்டது. "எங்க கிடைச்சுது? வீடு பூரா தேடினேனே! அவர்தான் எப்பவோ வந்த நல்ல ஈயத்துல மிச்சம் வந்த துண்டுன்னு கொண்டுவந்து, ஞாயித்துக்கிழமை பூரா உட்கார்ந்து அரம் போட்டார். பாப்பா காதுகிட்ட வெச்சு வளைப்பார். அது கறகறன்னு கத்தும், இவ விழுந்து விழுந்து சிரிப்பா."

"எப்பம்மா காணாம போச்சு?"

"அன்னைக்குத்தான். மத்தியானம் இவ அதை வாயில வெச்சுட்டே தூங்கிட்டா. தொண்டையில மாட்டிக்கப் போகுதேன்னு நான்தான் எடுத்து ஃபிரிட்ஜ் மேல வெச்சேன். எழுந்து அதுக்காக அழுதா. பார்த்தா காணோம்."

"உங்க வீட்டுக்காரர் மத்தியானம் சாப்பிட வந்தாரா?"

"இல்லம்மா, வரமாட்டேன்னு போன் பண்ணினார். ஏதோ ஒரு பாளத்தை அறுத்துப் பார்க்கணும், மனசுக்குச் சரியா படலைன்னார். தம்பி மட்டும்தான் வந்தான். நான்தான் அவன்கிட்ட சொன்னேன், அத்தான் இன்னைக்குச் சாப்பாட்டுக்கு வரமாட்டார், பாளத்தை..."

அவர் நிறுத்திவிட்டார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. குழந்தை மட்டும் மாமாவின் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"இது எங்க கிடைச்சுதுன்னு நீங்க சொல்லவே இல்லையே" என்றார் அவர், ரொம்ப மெதுவாக.

"உங்க வீட்டுக்காரர் கையிலம்மா" என்றார் மேடம். "அவர் மேல இருந்த பாளத்தையெல்லாம் எடுத்தப்போ."

"அக்கா" என்றான் தம்பி.

அவர் தம்பி பக்கம் திரும்பினார். "நீ அத்தான் கையைப் பிடிச்சுட்டு விடவே இல்லைன்னு சொன்னாங்க. ரெண்டு ஆள் சேர்ந்து பிரிச்சாங்கன்னு சொன்னாங்க. என் தம்பிக்கு எவ்வளவு பாசம்னு நான் நினைச்சேன்டா."

"அக்கா, அவர் எல்லாத்தையும் அறுத்துப் பார்த்துட்டு..." அவனுக்கு மூச்சு வாங்கியது. "இதைப் பிடிச்சா முன்னாடி போன ரெண்டும் வெளிய வந்துடும். நான் ஜெயிலுக்குப் போயிடுவேன். ஃபோன்ல கெஞ்சினேன் அக்கா, யாரோ தெரிஞ்ச ஏஜென்டோடதுன்னு சொல்லி. அவர் கேக்கல."

இன்ஸ்பெக்டர் வாசற்படியை மறித்து நின்றுகொண்டார். "அந்தப் புது ஏஜென்ட் யாரு?"

"என் டிரைவர்... பேர் மட்டும்தான் அவனோடது." அவன் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவே இல்லை, அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் நம்ம பாப்பாவுக்கு அந்த டப்பாவைக் குடுக்க விட்டேனா? சொல்லு அக்கா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது விட்டேனா? ஊர்க்கோடி வரைக்கும் அலைஞ்சேனே!"

அக்கா நெருங்கி வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் இரண்டு கையையும் நீட்டினார்.

"பாப்பாவைக் குடு."

அவன் கொடுத்தான்.

"மத்த பிள்ளைங்களுக்கு?" என்றார் அவர். "அதுங்களுக்கெல்லாம் எந்த மாமன்டா அலைஞ்சு வாங்கிக் குடுத்தான்?"

அவன் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். இன்ஸ்பெக்டர் தோளைத் தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது. படியிறங்கும்போது பாப்பா அம்மாவின் தோளிலிருந்து எட்டி, இரண்டு கையையும் மாமாவை நோக்கி நீட்டியது. தூக்கிக்கொள்ளச் சொல்கிறது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா பாப்பாவின் தலையைத் தன் கழுத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டு உள்ளே போனார். கொன்னவன் அழமாட்டான் என்று எங்களிடம் சொன்னவர் அவர்தான்.

வாசலில் நின்றபடியே இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். "அந்த எடைக்காரரை விட்டுடு. ஆமாய்யா, இப்பவே. ஜீப்புல ஏத்தி வீட்டுல கொண்டுபோய் விடு, தெருவுல எல்லாரும் பார்க்கிற மாதிரி விடு" என்றார். இந்த மனுஷனுக்கும் நல்ல புத்தி உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நம்பர் சார் ஃபாக்டரிக்கே கிளம்பிவிட்டதாகவும், வெளியே போன டப்பாக்களைத் திரும்ப எடுக்க ஆள் அனுப்பியிருப்பதாகவும் மேடத்துக்குத் தகவல் வந்தது. எல்லாம் எடுத்து முடிக்க எத்தனை நாளாகும் என்று அவருக்கே தெரியவில்லையாம்.

மேடம் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். நான் கிளப்பினேன். தெருமுனையில் கடை வந்ததும், "நிறுத்து" என்றார்.

அந்த மூலைக் கடை. கண்ணாடி அலமாரியில் பால் பவுடர் டப்பாக்கள் பளபளவென்று மூன்று வரிசை. வாசலில் ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தை. ஒரு டப்பாவைக் கையில் எடுத்து, அதில் போட்டிருந்த கொழுகொழு குழந்தைப் படத்தைத் தன் குழந்தைக்குக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் இறங்கி ஓடினேன்.

"அக்கா, அதைக் கீழ வைங்க."

"ஏன்? எதுக்கு?" அவர் டப்பாவை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "தினம் இதைத்தானே குடுக்கிறேன்?"

குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. நாள் முழுக்கப் பேசுகிறவன் நான். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவர் முன்னால் நின்றேன்.